மினுக்கின சட்டி

அன்று கராஜில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் ஜெயரட்ணம். அவருடைய மனைவி சுஜீவா, ஒரு கால் நிழலிலும் ஒரு கால் வெயிலிலுமாக வாசல் நிலையில் சாய்ந்தபடி. முந்தி ரக்ஸி ஓடிய தேவராஜா. போகிற வீட்டில் எதையும் மிச்சம் வைத்துவிட்டு வராதவர். பக்கத்து வீட்டு பாஸ்கர். திருச்சிக்காரர், பரமட்டாவில் கணினி வேலை. பின்வளவில் இருக்கிற தனியறையில் வாடகைக்கு இருக்கும் சிறி. இவர்களோடு இரண்டு பெரிய சட்டிகளும் இருந்தன. ஒன்று ஜெயரட்ணத்தின் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் சட்டி. மற்றது சிறியின் அலுமினியச் சட்டி.

ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பென்டில் ஹில்லில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் புல்லு வெட்டுகிற மெஷின் இரைந்துகொண்டிருந்தது. கராஜுக்குள் பியருக்குப் போடுகிற மோல்ட்டின் மணம். நடுவில் கவிழ்த்து வைத்த பெட்டியின் மேல் பொரித்த நெத்தலியும் மரவள்ளிப் பொரியலும்.

"ஊரில காய்ச்சினா பொலிஸ் வரும். இஞ்ச காய்ச்சினா பாஸ்கர் வாறார்" என்றார் தேவராஜா.

"நான் வெறுங்கையோடவா வர்றேன்? முறுக்கு கொண்டாந்திருக்கேன்ல?"

முதலில் மூடி உடைத்தது ஜெயரட்ணத்தின் பியர்ப் போத்தல். வீட்டுக்காரருடையது முதலில் என்பது ஒருவரும் சொல்லாமலே நடந்துவந்த ஒழுங்கு. தேவராஜா ஒரு மிடறு குடித்தார். "நல்லாயிருக்கு ஜெயம்" என்றார். கிளாசைக் கீழே வைத்துவிட்டு நெத்தலியை எடுத்தார். பாஸ்கர், "ஸ்மூத்தா இருக்குண்ணா" என்றார். சொல்வதற்கு வேறொன்றும் கிடைக்காதபோது பாஸ்கர் அந்தச் சொல்லைச் சொல்வார் என்பது ஜெயரட்ணத்துக்குத் தெரியும்.

பிறகு சிறி தன் போத்தலை உடைத்தான். நுரை ஏறி, கிளாசின் வாயில் நின்று, இறங்க மனமில்லாமல் நின்றது. தேவராஜா குடித்தார். வாயைத் துடைக்காமலே கிளாசைத் திரும்ப நீட்டினார்.

அந்தக் கை நீண்டதை ஜெயரட்ணம் பார்த்தார். தன் பியருக்கு அந்தக் கை ஒருநாளும் அப்படி நீண்டதில்லை.

"அப்பிடி என்னதான் கிடக்கு உதுக்குள்ள?" என்றாள் சுஜீவா வாசலில் நின்று.

"குடிச்சுப் பாருங்கோவன் அக்கா." சிறி தன் கையிலிருந்த கிளாசை நீட்டினான்.

அவள் சிரித்துக்கொண்டு மறுப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் வாங்கினாள். ஒரு மிடறு குடித்தாள். நின்று யோசித்துவிட்டு இன்னொரு மிடறு குடித்தாள். மேலுதட்டில் நுரை ஒட்டியிருந்தது. புறங்கையால் துடைத்தாள்.

"பரவாயில்லை" என்றாள். "இவரின்ரை மாதிரிக் கைக்கேல்லை."

தேவராஜா தொடையில் தட்டிச் சிரித்தார். பாஸ்கரும் சிரித்தார். ஜெயரட்ணமும் சிரித்தார். சிறி கிளாசை வாங்கி, திருப்பாமல், அவள் குடித்த பக்கத்திலேயே வாய் வைத்து மிச்சத்தைக் குடித்தான்.

அது வேண்டுமென்று செய்ததல்ல. சிறிக்கு அப்படியெல்லாம் யோசிக்கத் தெரியாது. ஆனால் ஜெயரட்ணத்துக்கு அதற்குப் பிறகு கராஜில் பேசியது ஒன்றும் காதில் ஏறவில்லை. சுஜீவா அவருடைய தேத்தண்ணிக் கோப்பையில்கூட வாய் வைக்காதவள். கலியாணம் கட்டி இருபத்துமூன்று வருடத்தில் அவர் கடித்த மாம்பழத்தை அவள் கடித்ததில்லை. ஆசாரம் என்று நினைத்திருந்தார். ஆசாரம் இல்லை என்று இப்போது தெரிந்தது.

எல்லோரும் போனபிறகு குசினியில் கேட்டார். "என்ரை கைக்குது எண்டு எப்பிடித் தெரியும்? எப்ப குடிச்சனீர்?"

"மணத்திலயே தெரியுதப்பா" என்றாள் அவள், நெத்தலிக் கோப்பையைக் கழுவியபடி.

ஜெயரட்ணம் பதினாறு வருடம் இரவு வேலை செய்தவர். பெரிய சாமான் கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். இரவு வேலைக்காரனுக்கு வீடு என்பது திரைச்சீலை மூடிய ஓர் அறை. மகள் ராகவி வளர்ந்ததை அவர் பாதித் தூக்கத்தில் கேட்டார். அவள் இப்போது கன்பராவில் படிக்கிறாள். ஏப்ரல் மாதம் ஒருநாள் வேலை நடுவில் தலை சுற்றி, வண்டியை நிறுத்தி, இறங்கி, வண்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தவர் பிறகு போகவில்லை. பிரஷர் என்று ஆட்களுக்குச் சொன்னார். பிரஷரும் இருந்தது. ஆனால் போகப் பிடிக்கவில்லை என்பதுதான் சரி.

வீட்டில் இருக்கத் தொடங்கியபோதுதான் அந்த வீட்டுக்குத் தான் இல்லாத ஒரு பின்னேரம் இருக்கிறது என்று தெரிந்தது. முதியோர் இல்லத்து வேலை முடிந்து சுஜீவா வருவாள். கொஞ்ச நேரத்தில் சிறி ரைல்ஸ் பதிக்கிற வேலையால் முழங்காலெல்லாம் சிமெந்தோடு வருவான். அவள் பின்கதவால் தேத்தண்ணி நீட்டுவாள். அவன் படியில் இருந்து குடிப்பான். இல்லத்தில் எந்தக் கிழவி யாரைக் கடித்தாள், எந்த வீட்டுக்காரன் குளியலறைக்குக் கறுப்பு ரைல்ஸ் கேட்டான் என்று கதை போகும். அவள் சத்தமாகச் சிரிப்பாள். சிரிக்கும்போது தொடையில் அடிக்கிற பழக்கம் அவளுக்கு இருப்பதை ஜெயரட்ணம் ஐம்பத்துநாலு வயதில்தான் கண்டார்.

இத்தனைக்கும் சிறிக்குக் காய்ச்சப் பழக்கியவர் அவர்தான். சட்டி தெரிந்தெடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

அது யூலை மாதம். "அண்ணை, நானும் ஒண்டு தொடங்கட்டோ? மலிவா ஒரு சட்டி பாத்துத் தாறியளோ?" என்று அவன் கேட்டபோது ஜெயரட்ணத்துக்கு உச்சி குளிர்ந்தது. வேலை விட்டபிறகு அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

முதலில் பியர் சாமான் விற்கிற கடைக்குப் போனார்கள். சிறி ஒரு சட்டியின் விலைத்துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சூடு பட்டதுபோல் விட்டான். பிறகு பெரிய மலிவுக் கடை. அங்கே கிடந்த ஸ்ரெயின்லெஸ் சட்டிகளை ஜெயரட்ணம் விரல்முட்டியால் தட்டினார்.

"கேட்டியோ சத்தத்தை? தகரம். அடி மெல்லிசு. மோல்ட் அடியில பிடிச்சுக் கருகும். பிறகு நீ தேத்தண்ணியெண்டுதான் குடிக்கவேணும்."

"தேவராஜா அண்ணை ஒரு சட்டி சும்மா தாறனெண்டவர். மகளின்ர சாமத்திய வீட்டுக்கு வாங்கினதாம்."

"ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சின சட்டியடா அது. எண்ணெய் ஊறிக் கிடக்கும். நுரை நிக்காது. சும்மா தாறதெல்லாம் வாங்கப்படாது."

கடைசியில் ஹரிஸ் பார்க். இனிப்புக் கடைக்குப் பின்னால் பாத்திரக் கடையொன்று. பிரியாணிக்காரர்கள் வாங்குகிற அலுமினியச் சட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக, கூரை முட்ட நின்றன.

"அண்ணை, இது பிரியாணிச் சட்டியெல்லோ?"

"உள்ளுக்க வேகிறது பிரியாணியோ பியரோ எண்டு சட்டிக்குத் தெரியுமோ? அடியைப் பார். மொத்தம். பிடியைப் பார். ஒட்டினதில்லை, ஆணி அறைஞ்சது. நிறையத் தண்ணியோட தூக்கேக்க பிடி கழண்டா கால் வெந்துபோடும்."

"இருவது லீற்றர் காணாதோ?"

"காய்ச்சிறது இருவத்துமூண்டு. கொதிக்கேக்க பொங்கும். பொங்கிறதுக்கு மேல இடம் விடவேணும். இடம் இல்லாட்டி அடுப்பையும் நூத்து, நிலத்தையும் நாசமாக்கிப்போடும். நாப்பது எடு."

விலை அவருடைய சட்டியின் கால்வாசிகூட இல்லை. அவருடையது ஐம்பது லீற்றர், கீழே குழாய், பக்கத்தில் சூடு காட்டுகிற வட்டம். அதன் விலையைச் சுஜீவாவுக்கு அவர் இன்றுவரை சொல்லவில்லை. சிறிக்கு அலுமினியம் போதும் என்று அவர் சொன்னதில் அக்கறை இருந்தது. தனக்கு ஒரு படி கீழே நிற்கட்டும் என்ற எண்ணமும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்வளவில் காஸ் அடுப்பை மூட்டி, சட்டி நிறையத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தார். புதுச் சட்டியின் உட்புறம் பளபளப்புப் போய் மெல்ல மெல்ல மங்கியது. சாம்பல் நிறமானது.

"வடிவாப் பார். இந்த மங்கல்தான் சட்டியின்ர தோல். இது இருக்குமட்டும் ஒண்டும் செய்யாது. கழுவேக்க பஞ்சால மெல்லமாத் துடை. புளி, தேசிக்காய் ஒண்டும் போட்டு மினுக்கப்படாது. தோலை உரிச்சியோ, பியர் தகரம் நாறும். விளங்குதோ?"

"ஓம் அண்ணை."

எந்த வீட்டிலும் சட்டி மினுக்கித்தான் பழக்கம். மங்கிய சட்டியை அடுக்கி வைத்தால் வந்தவர்கள் பார்ப்பார்கள். அதனால் ஜெயரட்ணம் இந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் சொன்னார். பாஸ்கருக்கு அது மனப்பாடமாகிவிட்டது. தேவராஜா, "தொடங்கீட்டான்" என்று கண்ணை மூடுவார்.

சிறி காய்ச்சினான். சூடு பார்க்க மறப்பான். நேரம் பார்க்க மறப்பான். அடுப்பை விட்டுவிட்டுப் போனில் கதைத்துக்கொண்டு நிற்பான். ஜெயரட்ணம் பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்பார். ஆனால் போத்தலில் அடைத்து, வைத்து, உடைத்துக் குடிக்கிறபோது அது நன்றாக இருந்தது. ஏன் என்று ஜெயரட்ணத்துக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால் தாங்கியிருப்பார்.

கிளாஸ் கைமாறிய அந்த ஞாயிற்றுக்குப் பிறகு வந்த கிழமையில் ஒருநாள் மத்தியானம். சுஜீவா வேலைக்குப் போய்விட்டாள். சிறியும் போய்விட்டான். ஜெயரட்ணம் குசினி அலுமாரியைத் திறந்து பழப்புளிப் பக்கற்றை எடுத்தார். பாதியைப் பிய்த்துக் கோப்பையில் கரைத்தார். கராஜுக்குப் போய் சிறியின் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக் குழாயடிக்கு வந்தார்.

புளியை உள்ளெல்லாம் பூசி ஊறவிட்டார். பிறகு குந்தியிருந்து இரும்புத் தும்பால் தேய்த்தார். சாம்பல் தண்ணீர் வழிந்து புல்லுக்குள் இறங்கியது. தேய்க்கத் தேய்க்கத் தோல் உரிந்தது. தோள்மூட்டு நொந்தது. கை மாற்றித் தேய்த்தார். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. வீதியால் நாயோடு போன வெள்ளைக்காரக் கிழவர் கை காட்டினார். இவரும் காட்டினார். பார்க்கிறவனுக்கு நல்ல காரியம் செய்கிற மனிதனாகத்தான் தெரிந்திருப்பார். சட்டிக்குள் குனிந்தபோது முகம் தெரிந்தது. நீண்டு, கோணி, பளபளவென்று.

அதைத் துடைத்து, மூடி போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

பின்னேரம் சுஜீவா பக்கற்றைத் தூக்கிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, நேற்றுத்தானே உடைச்சனான். பாதிப் புளி எங்க?"

"ரசம் வைச்சுக் குடிச்சனான்."

"ரசமோ? நீங்களோ?"

"ஏன், எனக்குக் கையில்லையோ?"

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே. எனக்கும் கொஞ்சம் வைச்சிருக்கலாமெல்லோ" என்றாள். அன்று இரவுச் சாப்பாட்டில் அவருக்கு ஒரு முட்டை கூடப் பொரித்து வைத்தாள். ஜெயரட்ணம் அந்த முட்டையை மெல்ல முடியாமல் மென்றார்.

சனிக்கிழமை சிறி காய்ச்சத் தொடங்கினான். ஜெயரட்ணம் தன் சட்டியின் குழாயைக் கழற்றித் துடைக்கிற சாட்டில் பக்கத்தில் இருந்தார். சிறி மூடியைத் திறந்தான். அப்படியே நின்றான். குனிந்து உள்ளே பார்த்தான். விரலால் தடவினான்.

கேட்பான், என்று ஜெயரட்ணம் காத்திருந்தார். கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குழாயின் வளையம் கை நழுவி நிலத்தில் உருண்டது.

சிறி கேட்கவில்லை. திரும்பிக் குசினி யன்னலைப் பார்த்தான். யன்னலில் சுஜீவா கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் ஒன்றும் விளங்காமல் தானும் சிரித்தாள். பிறகு அவன் சட்டியைத் தூக்கி அடுப்பில் வைத்துத் தண்ணீர் விட்டான். மோல்ட்டைக் கொட்டினான். மங்க வைக்கவே இல்லை.

மடையன், மறந்துபோனான், என்று நினைத்தார் ஜெயரட்ணம். ஆனால் அந்தச் சிரிப்பு. என்ன சிரிப்பு அது? யன்னலுக்கும் கராஜுக்கும் நடுவில் தனக்குத் தெரியாமல் என்ன ஓடுகிறது?

அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் எல்லாம் முற்றியது. சிறி அவளுக்கு வேலை செய்யத் தொடங்கினான். உடுப்புத் தோய்க்கிற அறையில் வெடித்துக் கிடந்த ரைல்ஸை ஒரு ஞாயிறு முழுக்க முழங்காலில் இருந்து மாற்றினான். ஜெயரட்ணம் மூன்று வருடமாக மாற்றுகிறேன் என்று சொல்லி வந்த ரைல்ஸ் அது. ஃபிளெமிங்ரன் சந்தையிலிருந்து மாம்பழப் பெட்டி கொண்டுவந்தான். குப்பைத் தொட்டியைக் கேட்காமலே வீதிக்குத் தள்ளினான். அவள் அவனுக்கு மத்தியானத்துக்குப் பிட்டும் மீன் குழம்பும் கட்டிக் கொடுத்தாள்.

"அவனுக்கென்ன உவ்வளவு சாப்பாடு?" என்றார்.

"ரைல்ஸ் மாத்தினதுக்குக் காசு வாங்க மாட்டானாம். பின்ன என்ன செய்யிறது?"

"ஏன் வாங்க மாட்டானாம்?"

"அதை அவனிட்டக் கேளுங்கோ."

"ராகவி லீவில வரப்போறாள். அவனை வேற இடம் பாக்கச் சொல்லும்."

"ராகவிக்கு உள்ளுக்க அறை இருக்கு. பின்னால அறை ஆருக்கு? உங்களுக்கோ?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு. மேற்குப் பக்கமிருந்து அடுப்புக்குள்ளால் வருவதுபோல் காற்று வந்தது. கராஜ் கதவை முழுக்கத் தூக்கிவிட்டிருந்தார்கள். அதே ஆட்கள். தேவராஜா, பாஸ்கர், சிறி, ஜெயரட்ணம். சுஜீவா கணவாய்ப் பொரியலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

ஜெயரட்ணத்தின் போத்தல் முதலில். "நல்லாயிருக்கு" என்றார் தேவராஜா. "ஸ்மூத்" என்றார் பாஸ்கர். பிறகு சிறியின் போத்தல்.

தேவராஜா ஆசையோடு கிளாசை எடுத்தார். குடித்தார். முகம் சுருங்கியது. வாய்க்குள் வைத்துக்கொண்டு விழுங்கவா துப்பவா என்று கொஞ்ச நேரம் இருந்தார். விழுங்கினார்.

"என்னடா சிறி இது? ஆணியை நக்கின மாதிரிக் கிடக்குது."

பாஸ்கர் மோந்து பார்த்தார். ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். "ஏதோ தகர வாடை அடிக்குதே."

ஜெயரட்ணமும் குடித்தார். நல்ல தகரம். நினைத்ததைவிட நல்ல தகரம். ஒரு நிமிடம், ஒரேயொரு நிமிடம், அவருக்கு ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. "சில நேரம் அப்பிடித்தான் வரும்" என்றார் பெருந்தன்மையாக. "கவனமாக் காய்ச்சவேணும். நான் சொல்லுறதை ஒருத்தரும் கேக்கிறேல்லை."

சிறி மட்டும் தன் கிளாசைக் கீழே வைக்கவில்லை. முழுவதையும் குடித்தான். முகம் சுளிக்காமல் குடித்தான்.

"எனக்குத் தெரியும் அண்ணை, இப்பிடித்தான் வருமெண்டு" என்றான்.

"தெரிஞ்சோ காய்ச்சினனீ?" என்றார் தேவராஜா.

"சட்டியைத் திறந்தா பளிங்கு மாதிரிக் கிடக்குது. அக்கா தெரியாமல் மினுக்கிப்போட்டா எண்டு விளங்கினது. திரும்பத் தண்ணி விட்டுக் கொதிக்க வைச்சிருக்கலாம். மனம் வரேல்லை." அவன் கணவாய்த் தட்டைப் பார்த்துப் பேசினான். "கை நோக மினுக்கியிருக்கிறா. அதைத் திரும்ப மங்க வைக்கிறதோ? இந்த நாட்டுக்கு வந்து பன்ரெண்டு வரியம். எனக்கெண்டு ஒருத்தரும் ஒரு கோப்பை கழுவித் தந்ததில்லை. ஒரு பியர் பிழைச்சாப் பிழைக்கட்டும் எண்டு விட்டன்."

"ஆர் மினுக்கினது?" என்றாள் சுஜீவா.

"நீங்கள்தான் அக்கா."

"நானோ? நான் உந்தச் சட்டியில கையே வைக்கேல்லை."

"பின்ன ஆர்?" என்றார் தேவராஜா. "அடுத்தவன்ர சட்டியைச் சும்மா மினுக்கிற விசரன் ஆர் இந்த வீட்டில?"

"தெரியாதவங்க யாராச்சும் செஞ்சிருப்பாங்க" என்றார் பாஸ்கர். "நாமதான் செய்ய மாட்டோமே. ஜெயம் அண்ணாதான் வாரா வாரம் சொல்லுவாரே, மங்கல்தான் தோல், புளி போட்டு மினுக்கினா தகரம்..." என்று வந்தவர் அப்படியே நிறுத்தினார். முறுக்கைக் கையில் எடுத்தார். அதைக் கடிக்கவும் இல்லை.

நான்தான், ஊத்தையாகக் கிடந்தது என்று மினுக்கினேன், என்று வேறு யார் சொன்னாலும் அந்தக் கராஜ் நம்பியிருக்கும். ஜெயரட்ணம் சொல்ல முடியாது. நம்ப முடியாதபடி அவரே எல்லோருக்கும் படிப்பித்து வைத்திருந்தார்.

சுஜீவா அவரைப் பார்த்தாள். "ரசம்" என்றாள்.

அவர் தன் சட்டியின் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரசம் வைச்சனெண்டு சொன்னியள். நான் சந்தோசப்பட்டனான்." அவள் குரலை உயர்த்தவில்லை. கணவாய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாதிகூட முடியாத தட்டு. தேவராஜாவும் தடுக்கவில்லை.

"சட்டிதானே அண்ணை" என்றான் சிறி. "திரும்பக் கொதிக்க வைச்சா சரி." கோபமில்லாமல்தான் சொன்னான். ஜெயரட்ணத்துக்கு அவன் தன் கன்னத்தில் அறைந்திருக்கலாம் என்றிருந்தது.

பாஸ்கர் மகளுக்கு டான்ஸ் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். தேவராஜா எழும்பிக் கார்த் திறப்பைத் தேடினார். சிறி பின்னறைக்குப் போய் ஒரு தோள்பையோடு வந்தான்.

"தேவராஜா அண்ணை, உங்கட மகன்ர அறை சும்மா கிடக்குது எண்டனீங்கள். கொஞ்ச நாளைக்கு வரட்டோ?"

"வா. வந்து ஏறு" என்றார் தேவராஜா. ஜெயரட்ணத்தின் பக்கம் திரும்பவில்லை.

"மிச்சச் சாமானைப் பிறகு வந்து எடுக்கிறன் அண்ணை. சட்டி இருக்கட்டும். நீங்கள் பாத்துத் தந்ததுதானே." யன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "அக்கா, போட்டு வாறன்."

"போட்டு வா சிறி" என்றாள் உள்ளேயிருந்து.

கார் போன சத்தம் அடங்கியது. ஜெயரட்ணம் விரும்பியது எல்லாம் நடந்திருந்தது. பின்னறை வெறுமை. இரண்டு சட்டியும் அவருடையவை. இந்தக் கராஜில் இனி ஒரே பியர்தான். அவர் கதிரைகளை அடுக்கினார். தகரப் பியரை வடிகாலில் ஊற்றினார். வெயில் கொஞ்சம் சரிந்தபிறகு குசினிக்குள் போனார். கையில் சிறியின் சட்டி இருந்தது. கழுவிக்கொண்டு போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதைத் தூக்கி வந்திருந்தார்.

அவள் மேசையில் இருந்து மீதிக் கணவாயை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அவன்ர எச்சில் கிளாசில குடிச்சனீர்" என்றார்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "அதுக்கோ?"

"எல்லாருக்கும் முன்னால."

"அண்டைக்கே கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீர்?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "அவன் நீட்டினவன், குடிச்சன் எண்டு சொல்லியிருப்பன். வருசக்கணக்கா அந்தக் கராஜுக்குள்ள காய்ச்சுறியள். ஊருக்கெல்லாம் ஊத்திக் குடுத்தியள். எனக்கு ஒருநாள் நீட்டினியளோ?"

"நீர் குடிக்க மாட்டீர் எண்டு..."

"கேட்டியளோ?"

கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

"கீழ வையுங்கோ அதை" என்றாள்.

சட்டியை நிலத்தில் வைத்தார். அவள் எழும்பி அறைக்குள் போனாள். அவருடைய தலையணையோடு வந்தாள். அதைச் சட்டிக்குள் வைத்தாள். திரும்பப் போனாள். போர்வை, சாரம், இரண்டு சேர்ட், பிரஷர் குளிசைப் பெட்டி. ஒவ்வொன்றாக வைத்தாள், பயணத்துக்குப் பெட்டி அடுக்குகிறவள்போல, மூலைகளை அமத்தி. எல்லாம் வைத்தும் மேலே ஒரு சாண் இடம் மிச்சம் இருந்தது.

"என்ன செய்யிறீர்?"

"பின்னால அறை சும்மாதானே கிடக்குது. நீங்கள்தானே அவன் அறையை விட்டு எழும்பவேணும் எண்டு நிண்டியள்."

"சுஜீவா..."

"தூக்குங்கோ. பிடி கழராது. நல்ல சட்டி."

அவர் நின்று பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். களைப்புத்தான் இருந்தது, நீண்ட ஷிஃப்ட் முடிந்து வந்தவளின் களைப்பு. அவர் குனிந்து இரண்டு பிடியையும் பிடித்துத் தூக்கினார். வாசற்படியில் இறங்கும்போது கால் தடுமாறியது. சட்டியை நெஞ்சோடு அணைத்துச் சமாளித்தார். புல்லில், குழாயடிக்குப் பக்கத்தில், புளித் தண்ணீர் ஓடிய இடம் இன்னும் மஞ்சளாகக் கருகிக் கிடந்தது. அதைத் தாண்டி இரண்டு அடி வைத்திருப்பார்.

பின்னால் வலைக்கதவு சாத்தியது. பிறகு மரக்கதவு. பூட்டில் திறப்பு உள்ளேயிருந்து ஒரு தரம் திரும்பியது, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம்.